‘வித்திருக்கக் கூடாது’ என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

ஆங்கிலம் குறித்த வாசகர் கேள்விகளில் இந்த முறை முக்கால்வாசி செட்டிநாட்டுப் பக்கமிருந்து வந்தவை. அத்தனையும் ஆசை, ஏக்கம், வருத்தம் இவற்றை ஆங்கிலத்தில் எப்படிச் சரியாகச் சொல்வது என்பதையே சுற்றி வந்ததால் எல்லாவற்றையும் ஒன்றாக எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்குப் பழைய வீடுகளைச் சுற்றிக் காட்டும் வேலை எனக்கு. அவர்கள் கிளம்பும்போது ‘ஐ விஷ் யூ வில் கம் அகெய்ன்’ என்று சொல்வது வழக்கம். சமீபத்தில் ஒரு அம்மா சிரித்துக்கொண்டே ‘ஐ ஹோப் ஸோ டூ’ என்றார். நான் விஷ் என்று சொன்னதை அவர் ஏன் ஹோப் ஆக்கினார்?
— ஒரு வழிகாட்டி, கானாடுகாத்தான்

பதில்: அவர் உங்களைத் திருத்தினார் என்று நினைக்க வேண்டாம். அந்த இடத்தில் அவர்களுக்கு வாயில் வருவதே ஹோப்தான். நடக்க வாய்ப்பு இருக்கிறது, நடந்தால் சந்தோஷம் என்றால் ஹோப். நடக்கவில்லை, நடக்காது, நடக்கிற மாதிரித் தெரியவில்லை, ஆனாலும் மனசு கேட்கமாட்டேன் என்கிறது என்றால் விஷ். வந்தவர் திரும்ப வரலாம்தானே, அதனால் ‘ஐ ஹோப் யூ வில் கம் அகெய்ன்’ என்று சொல்லுங்கள். விஷ்ஷுக்குப் பின்னால் இந்த மாதிரி வாக்கியத்தில் வில் வரவே வராது, அதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

‘ஐ விஷ் யூ வுட் கம் அகெய்ன்’ என்றால் இலக்கணம் சரிதான். ஆனால் கேட்கிறவர் காதில் ‘வரமாட்டேன் என்கிறீர்களே, வந்தால் என்ன?’ என்று விழும். வாழ்த்துவதற்கு விஷ்ஷைப் பயன்படுத்தலாம், அப்போது பின்னால் பெயர்ச்சொல் வர வேண்டும்: ‘ஐ விஷ் யூ எ சேஃப் ஜர்னி’. இன்னொரு வாக்கியமும் கையில் வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் தொழிலுக்குப் பொருத்தமானது. ‘ஐ விஷ் யூ குட் ஸ்டே லாங்கர்’. இன்னும் ரெண்டு நாள் இருந்துவிட்டுப் போகலாம், ஆனால் உங்களால் முடியாதே என்கிற அன்பு அதில் இருக்கிறது. அவர் இருக்கப்போவதில்லை என்பது இருவருக்கும் தெரியும், அதனால்தான் அங்கே விஷ் அழகாக உட்காருகிறது.

கேள்வி: ‘ஐ விஷ் ஐ ஹேவ் எ லேப்டாப்’ என்று எழுதினேன். ஹேவ்வை அடித்துவிட்டு ஹேட் என்று போட்டிருக்கிறார்கள். என்னிடம் லேப்டாப் இல்லாதது இன்றைக்கு. இன்றைக்கு இல்லாததற்கு எதற்கு இறந்தகாலம்?
— கல்லூரி மாணவி, காரைக்குடி

பதில்: நல்ல கேள்வி, இதைக் கேட்காமல் விதியை மட்டும் மனப்பாடம் செய்கிறவர்கள்தான் பிறகு குழம்புகிறார்கள். ஆங்கிலத்தில் பாஸ்ட் டென்ஸுக்கு இரண்டு வேலை. நேற்று நடந்ததைச் சொல்வது ஒன்று. நிஜத்தில் இல்லாததைச் சொல்வது இன்னொன்று. நிஜத்திலிருந்து தள்ளி நிற்கிறோம் என்று காட்டத்தான் வினைச்சொல்லை ஒரு படி பின்னால் தள்ளுகிறார்கள்.

இது நமக்குப் புதிதும் இல்லை. ‘நாளைக்கு அவர் வந்தால்’ என்கிறோமே, அந்த ‘வந்தால்’ எதிலிருந்து பிறந்தது என்று பாருங்கள். வந்தான், வந்தாள் என்பதில் இருக்கிற அதே இறந்தகால அடிதான். போனான், போனால். கிடைத்தது, கிடைத்தால். செய்தாள், செய்தால். நடக்கப்போவது நாளைக்கு, அடியோ இறந்தகாலம். நாளைக்கு எதற்கு இறந்தகாலம் என்று நம் வீட்டில் யாரும் கேட்பதில்லை. ‘என்கிட்ட மட்டும் ஒரு லேப்டாப் இருந்தால்’ என்று நீங்கள் தமிழில் பெருமூச்சு விடும்போதும் ‘இருந்தது’ என்பதன் அடியைத்தான் எடுக்கிறீர்கள். தமிழில் ‘ஆல்’ சேரும்போது இந்த அடி தானாக வந்துவிடுகிறது, நடக்கக்கூடியதற்கும் நடக்காததற்கும் ஒரே உருவம். ஆங்கிலத்தில் அப்படி இல்லை, நிஜமில்லை என்று காட்ட வேண்டிய இடத்தில் மட்டும் அந்தப் படி இறங்குகிறது.

ஆக, இன்றைக்கு இல்லாததற்கு ஒரு படி: ‘ஐ விஷ் ஐ ஹேட் எ லேப்டாப்’. முடிந்துபோனதற்கு இன்னும் ஒரு படி, அதாவது ஹேட் போட்டு அதன்பின் வினையின் மூன்றாவது வடிவம். தமிழிலும் ‘படித்தால்’ போதாமல் ‘படித்திருந்தால்’ என்று இன்னொன்றைச் சேர்க்கிறோம் இல்லையா, அதேதான். காலையில் காரைக்குடியிலிருந்து கிளம்பும் பல்லவன் ரயிலைத் தவறவிட்டுவிட்டு நிற்கிறவர் ‘ஐ விஷ் ஐ ஹேட் காட் அப் எர்லியர்’ என்பார். ‘ஐ விஷ் ஐ காட் அப் எர்லியர்’ என்றால் அர்த்தமே மாறிவிடும். தினமும் நேரம் கழித்து எழுகிற பழக்கம், அது மாறினால் தேவலை என்று ஆகும். கேன் இருக்கிற இடத்தில் குட் வரும், வில் இருக்கிற இடத்தில் வுட் வரும். ‘ஐ விஷ் ஐ குட் ஸ்பீக் மலாய்’, இப்போது பேச வராது. இந்த ஒரு படி பிடிபட்டுவிட்டால் மீதியெல்லாம் அதன் பின்னால் தானாக வந்துவிடும்.

கேள்வி: எங்கள் ஐயா கட்டின வீடு தேவகோட்டையில் இருந்தது. பங்காளிகள் ஆளுக்கொரு ஊரில், பராமரிக்க ஆளில்லை, வித்துவிட்டோம். வாங்கினவர் வீட்டைப் பிரித்து, தூண் தனியாக, நிலைக்கதவு தனியாக விற்றுவிட்டார். மலேசியாவில் இருக்கும் பேரனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, அவனுக்கு இதையெல்லாம் ஆங்கிலத்தில் எழுதுகிறேன். ‘வித்திருக்கக் கூடாது’ என்பதை எப்படி எழுதினால் என் மனசில் இருக்கிறபடி இருக்கும்?
— ஓர் ஆச்சி, தேவகோட்டை

பதில்: ஆச்சி, உங்கள் கடிதத்தைக் கொஞ்சம் நிதானமாகவே எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் எழுதிய ஒரு வரிக்கு ஆங்கிலத்தில் நான்கு வழி இருக்கிறது, நான்கும் ஒரே மனநிலை இல்லை.

‘வி ஷுட் நாட் ஹேவ் சோல்ட் தி ஹவுஸ்’ என்பதுதான் நீங்கள் எழுதியதற்கு நேர். ஆனால் அது தீர்ப்பு மாதிரி. தப்புப் பண்ணிவிட்டோம் என்று யார் மேலோ விரல் நீட்டுகிறது, ‘வி’ என்று போட்டதால் கையெழுத்துப் போட்ட அத்தனை பங்காளிகளும் அதற்குள் வந்துவிடுகிறார்கள். பேரன் அந்தக் கடிதத்தைச் சித்தப்பா மகனிடம் காட்டினால் சங்கடம்.

‘ஐ விஷ் வி ஹேட் நாட் சோல்ட் தி ஹவுஸ்’ என்பதில் குற்றம் சொல்வது இல்லை. விற்காமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்குமே என்கிற உங்கள் ஏக்கம் மட்டும். விற்க வேண்டிய நிலைமை இருந்தது என்பதையும் அது மறுக்கவில்லை. உங்கள் கடிதத்தைப் படித்தவரையில் உங்கள் மனசு இதில்தான் இருக்கிறது.

‘இஃப் ஒன்லி வி ஹேட் நாட் சோல்ட் இட்!’ என்பது அதையே அழுத்திச் சொல்வது. இதற்குப் பின்னால் வாக்கியத்தை முடிக்கக்கூட வேண்டாம், அப்படியே நிற்கும். கடிதத்தில் ஒரே ஒரு இடத்தில் வையுங்கள், அடிக்கடி வந்தால் கனம் குறைந்துவிடும். இதைத் திருப்பி ‘ஒன்லி இஃப்’ என்று எழுதிவிட்டால் ‘இப்படி நடந்தால் மட்டுமே’ என்கிற நிபந்தனையாகிவிடும், அதில் கவனம்.

நான்காவது, ‘ஐ ரிக்ரெட் செல்லிங் தி ஹவுஸ்’. நான் எடுத்த முடிவு, அதற்காக வருந்துகிறேன் என்று பொறுப்பை ஏற்றுக்கொள்வது. கொஞ்சம் விறைப்பான வாக்கியம், பேரனுக்கு எழுதுவதற்கு எனக்கு இது பிடிக்கவில்லை.

அப்புறம், நீங்கள் பொதுவாக வீடு, வீடு என்றே எழுதியிருக்கிறீர்கள். பையன் பார்க்காத வீடு அது. ‘ஐ விஷ் யூ ஹேட் சீன் தி டீக் பில்லர்ஸ் இன் தி முகப்பு’ என்று எழுதுங்கள். பர்மாத் தேக்கு, ஆள் கட்டிப்பிடித்தாலும் கை எட்டாது, சின்ன வயசில் அதைச் சுற்றித்தான் ஒளிந்து விளையாடினோம் என்று உங்கள் கடிதத்திலேயே இருக்கிறதே, அதைச் சாதாரண இறந்தகாலத்தில் அடுத்த வரியாகப் போடுங்கள். நடந்ததற்குச் சாதாரண பாஸ்ட், நடக்காமல் போனதற்கு ஹேட். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வரும்போது பையனுக்கு எது நிஜம், எது ஏக்கம் என்பது தானாகப் புரியும்.

கடைசியில் ஒரு வாக்கியம் கேட்டிருந்தீர்கள், ‘விற்காமல் இருந்திருந்தால் இந்தப் பொங்கலுக்கு நீ அங்கேதான் இருப்பாய்’. இதில் முதல் பாதி முடிந்த கதை, இரண்டாவது பாதி இன்றைக்கு. ஆங்கிலத்திலும் அப்படியே கலக்கலாம்: ‘இஃப் வி ஹேட் நாட் சோல்ட் இட், யூ வுட் பி தேர் திஸ் பொங்கல்’. இரண்டு பக்கமும் ஹேவ் போட வேண்டும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள், வேண்டியதில்லை. ‘யூ வுட் ஹேவ் பீன் தேர்’ என்றால் பொங்கல் முடிந்துபோயிருக்க வேண்டும்.

கேள்வி: அரிசி ஆலை அலுவலகத்தில் வேலை. லோடு தாமதமானால் வாடிக்கையாளருக்கு ‘வி ரிக்ரெட் டு சென்ட் தி லோடு லேட்’ என்று மெயில் போடுகிறேன். சரியா?
— புதுவயல்

பதில்: தவறு. ரிக்ரெட்டுக்குப் பின்னால் ‘டு’ வந்தால், இதோ இப்போது ஒரு கெட்ட செய்தி சொல்லப்போகிறேன் என்று அர்த்தம்: ‘வி ரிக்ரெட் டு இன்ஃபார்ம் யூ தட் தி லோடு வில் பி லேட்’. ஏற்கெனவே செய்ததற்கு வருந்தினால் ‘இங்’ வரும். உங்களுக்கு இரண்டும் வேண்டாம், ‘வி ரிக்ரெட் தி டிலே’ என்று முடித்துவிடுங்கள், அடுத்த வரியில் எப்போது வந்து சேரும் என்று எழுதுங்கள்.

கேள்வி: ‘நீ சொல்லியிருக்கலாம்’ என்பதை என் மாணவர்கள் ‘யூ மே ஹேவ் டோல்ட் மீ’ என்று எழுதுகிறார்கள். ‘நான் படித்திருக்கணும்’ என்பதை ‘ஐ மஸ்ட் ஹேவ் ஸ்டடீட்’ என்கிறார்கள். அடித்து அடித்துத் திருத்தியும் திரும்ப வருகிறது. எங்கே பிடிப்பது?
— ஆசிரியை, குன்றக்குடி

பதில்: பிள்ளைகள் மேல் தப்பில்லை டீச்சர். தமிழில் ஒரே உருவம் இரண்டு வேலை பார்க்கிறது, அதுதான் சிக்கல். ‘அவர் ஊருக்குப் போயிருக்கலாம்’ என்பது ஊகம். ‘நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்’ என்பது மனக்குறை. இரண்டிலும் ‘இருக்கலாம்’. ஆங்கிலத்தில் ஊகத்துக்கு மே ஹேவ் அல்லது மைட் ஹேவ், மனக்குறைக்குக் குட் ஹேவ் அல்லது மைட் ஹேவ். மனக்குறைக்கு மே ஹேவ் ஒருநாளும் வராது. ‘யூ குட் ஹேவ் டோல்ட் மீ’ என்று எழுதினால் அந்த வருத்தம் கேட்கும்.

‘இருக்கணும்’ கதையும் இதேதான். விளக்கு எரிகிறதே, அவர் வந்திருக்கணும் என்றால் வந்துவிட்டார் என்று முடிவுகட்டுகிறோம், அது மஸ்ட் ஹேவ். மணி ஒன்பதாகிறதே, அவர் வந்திருக்கணுமே என்றால் இன்னும் வரவில்லை, அது ஷுட் ஹேவ். ஒரு ‘ஏ’ தவிர உருவத்தில் வித்தியாசமே இல்லை. ‘ஐ மஸ்ட் ஹேவ் ஸ்டடீட்’ என்று எழுதுகிற பையன், தன்னை அறியாமலே ‘நான் படித்திருப்பேன் போல’ என்று சொல்லிக்கொண்டிருக்கிறான்.

வகுப்பில் இப்படிச் செய்து பாருங்கள். ஆங்கிலத்துக்குப் போகும் முன், தமிழ் வாக்கியத்தின் வாலில் ‘போல’ சேர்க்கச் சொல்லுங்கள், அல்லது ‘ஆனால் நடக்கலையே’ என்று சேர்க்கச் சொல்லுங்கள். எது பொருந்துகிறது என்பது பிள்ளைகளுக்கு உடனே தெரியும், தாய்மொழி இல்லையா. ‘போல’ பொருந்தினால் மே, மைட், மஸ்ட். ‘ஆனால் நடக்கலையே’ பொருந்தினால் ஷுட், குட். இரண்டு நாள் இதை வாய்விட்டுச் செய்தால், எழுதும்போது கை தானாக நிற்கும்.

இதோடு சேர்த்து இன்னொன்றும் சொல்லிக்கொடுங்கள். ‘செய்திருக்கக் கூடாது’ என்றால் ஷுட் நாட் ஹேவ், ‘செய்திருக்க வேண்டாம்’ என்றால் நீட் நாட் ஹேவ். விருந்தாளி இரண்டே பேர், மனகோலமும் சீப்புச் சீடையும் கந்தரப்பமும் என்று தட்டு நிறைய வைத்தாயிற்று. அப்போது ‘யூ நீட் நாட் ஹேவ் மேட் ஸோ மச்’ என்பார்கள், தேவைக்கு மேல் செய்துவிட்டீர்கள் என்று. ஆனால் ஒரு பொருளைக் கையில் கொடுத்ததும் வெளிநாட்டுக்காரர் ‘ஓ, யூ ஷுட் நாட் ஹேவ்!’ என்றால் முகம் வாட வேண்டாம், அது நன்றி சொல்கிற விதம். எதற்கு இவ்வளவு சிரமம் என்று நாம் சொல்வதில்லையா.

கேள்வி: பையன் சாப்பிடும்போதும் போனை வைக்கமாட்டேன் என்கிறான். ‘ஐ விஷ் ஹி புட் தி போன் டவுன்’ என்பது சரியா, ‘ஐ விஷ் ஹி வுட் புட்’ என்பது சரியா?
— பள்ளத்தூர்

பதில்: வுட் போட்டதுதான் உங்களுக்கு வேண்டியது. அடுத்தவர் செய்கிற ஒன்று நமக்குப் பிடிக்கவில்லை, அவர் நினைத்தால் மாற்றிக்கொள்ளலாம், மாற்றிக்கொள்ளமாட்டேன் என்கிறார் என்னும்போது விஷ்ஷோடு வுட் வரும். மழை, பஸ் இவற்றுக்கும் இப்படிச் சொல்வது உண்டு, ‘ஐ விஷ் தி பஸ் வுட் கம்’. ஆனால் உங்களைப் பற்றியே பேசும்போது ‘ஐ விஷ் ஐ வுட்’ வராது, குட் போட வேண்டும். நிலைமையைச் சொல்லும் வினைகளுக்கும் வுட் சேராது: ‘ஐ விஷ் ஹி வுட் பி டாலர்’ என்று யாரும் சொல்வதில்லை, உயரம் அவன் கையிலா இருக்கிறது? ‘ஐ விஷ் ஹி வேர் டாலர்’.

ஒரு விஷயம். இந்த வாக்கியத்தைப் பையன் முகத்துக்கு நேரே ‘யூ’ போட்டுச் சொன்னால் நல்ல சலிப்பு தெரியும். சும்மா கேட்டுக்கொள்வதற்கு ‘வுட் யூ புட் தி போன் டவுன், ப்ளீஸ்’ போதும்.

கேள்வி: ‘ஐ விஷ் ஐ வாஸ்’ சரியா, ‘ஐ விஷ் ஐ வேர்’ சரியா? போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன்.
— திருப்பத்தூர்

பதில்: பேச்சில் இரண்டும் காதில் விழும். தேர்வில் கண்ணை மூடிக்கொண்டு வேர் எழுதுங்கள், ‘இஃப் ஐ வேர் யூ’ என்பதிலும் அப்படியே. இதே குடும்பத்தில் அடிக்கடி கேட்கப்படுவன இன்னும் இரண்டு இருக்கின்றன: ‘இட் இஸ் டைம் வி லெஃப்ட்’, ‘ஐ வுட் ராதர் யூ கேம் டுமாரோ’. கிளம்புவது இனிமேல்தான், வருவது நாளைக்குத்தான், இருந்தாலும் லெஃப்ட், கேம். காரணம் மேலே காரைக்குடி மாணவிக்குச் சொன்னதேதான்.

கேள்வி: நண்பரின் அப்பா தவறிவிட்டார். ‘ஐ ரிக்ரெட் ஃபார் யுவர் ஃபாதர்ஸ் டெத்’ என்று மெசேஜ் போடலாமா?
— கோட்டையூர்

பதில்: வேண்டாம். ரிக்ரெட் என்றதும் நாம் செய்த ஏதோ ஒன்று என்கிற நினைப்பு வரும், ஃபாரும் அங்கே சேராது. ‘ஐ ஆம் ஸோ சாரி டு ஹியர் அபவுட் யுவர் ஃபாதர்’ என்று அனுப்புங்கள். முடிந்தால் அவரைப் பற்றி உங்களுக்கு நினைவிருக்கிற ஒரு விஷயத்தை அடுத்த வரியில் எழுதுங்கள்.

கேள்வி: எங்களுடையது டைல்ஸ் பட்டறை. மழைக்காலத்தில் ஆர்டர் கொடுத்துவிட்டு, ஏன் தாமதம் என்று வெளிநாட்டிலிருந்து ஒருவர் மெயில் போட்டார். ‘ஐ விஷ் யூ வுட் ஹேவ் ஆர்டர்ட் பிஃபோர் தி ரெய்ன்’ என்று பதில் எழுதி வைத்திருக்கிறேன், இன்னும் அனுப்பவில்லை. அனுப்பலாமா?
— ஆத்தங்குடி

பதில்: நல்லவேளை, கேட்டீர்கள். முதலில் இலக்கணம். விஷ்ஷுக்குப் பின்னால் ‘வுட் ஹேவ்’ அமெரிக்கர்கள் பேச்சில் வரும்தான், ஆனால் எழுத்தில் தவறாகவே எடுத்துக்கொள்வார்கள். ‘ஐ விஷ் யூ ஹேட் ஆர்டர்ட்’ என்பதே முறை. இரண்டாவது, இலக்கணம் சரியானாலும் இந்த வாக்கியத்தை அனுப்பாதீர்கள். விஷ்ஷோடு ‘யூ’வும் ஹேட்டும் சேர்ந்தால் ‘நீங்கள் ஏன் முன்னாடியே சொல்லவில்லை’ என்று குத்துகிற மாதிரி இருக்கும், காசு கொடுக்கிறவரிடம் அது எதற்கு.

வருத்தத்தை ஆள் மேல் வைக்காமல் வேலை மேல் வையுங்கள். உங்கள் கல் சூளையில் வேகிறதில்லை, கண்ணாடி மேல் வண்ணக் கலவையை ஊற்றி, சிமெண்டும் மணலும் போட்டுக் கையால் செய்து, தண்ணீரில் ஊறவைத்து, வெயிலில் காயவைக்கிறீர்கள். இதை மூன்று எளிய வாக்கியத்தில், சாதாரண நிகழ்காலத்தில் எழுதுங்கள், மெஷின் டைல்ஸ் வாங்கிப் பழகினவருக்கு இது தெரிந்திருக்காது. பிறகு இப்படிப் போடுங்கள்: ‘வி வுட் ஹேவ் ஃபினிஷ்ட் பை நவ் இஃப் தி வெதர் ஹேட் பீன் டிரை’. இதில் வுட் ஹேவ் அதற்குரிய இடத்தில், இஃப் இல்லாத பாதியில் இருக்கிறது பாருங்கள். அதன்பின் ‘வி ஹோப் டு ஷிப் தெம் பை’ என்று எழுதி, உங்களால் நிச்சயமாகக் கொடுக்க முடிகிற தேதியைப் போடுங்கள். அங்கே ஹோப்தான், விஷ் இல்லை. ‘வி விஷ் வி குட் ஷிப் தெம்’ என்று போட்டால் அனுப்பப்போவதில்லை என்று நினைத்துக்கொள்வார்.